அண்ணன் தம்பி பாட்டு: ரத்தமா, பழக்கமா, வயிற்றுப்பாடா?

#1 கம்பிமீட்டி

மாண்டலின் இழையில் பேச்சு இந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போவதால் தனி இழை திறக்கிறேன்.

அமெரிக்கத் தெற்கின் பழைய கண்ட்ரி இசையில் எங்கே கைவைத்தாலும் ஓர் அண்ணன் தம்பி ஜோடி அகப்படுகிறது. கென்டக்கியில் சார்லி மன்றோ, பில் மன்றோ. அலபாமாவில் டெல்மோர் சகோதரர்கள், அப்புறம் லூவின் சகோதரர்கள். வர்ஜீனியா மலையில் கார்ட்டர் ஸ்டான்லி, ரால்ஃப் ஸ்டான்லி. வட கரோலினாவில் ‘ப்ளூ ஸ்கை பாய்ஸ்’ என்ற பெயரில் போலிக் சகோதரர்கள். கடைக்குட்டியாக 1957-இல் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய எவர்லி சகோதரர்கள். பருத்திக்காடு, மலைக்காட்டு விவசாயம், நிலக்கரிச் சுரங்கம் என்று ஏதோ ஒன்றில் முளைத்தவர்கள் இவர்கள். இரண்டு குரல், இரண்டு வாத்தியம், ஒரு மைக். அவ்வளவுதான் மூலதனம்.

அந்த இரண்டு குரலும் ஒட்டுகிற ஒட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். எது யார் குரல் என்று பிரித்து எடுக்க முடியாது. என் கட்சி, ரத்தம்தான் காரணம். ஒரே அப்பா அம்மா கொடுத்த தொண்டை, ஒரே வீட்டுப் பேச்சு. வெளியாள் எத்தனை வருஷம் சாதகம் பண்ணினாலும் அது வராது. மறுப்பவர்கள் வாங்க.

#2 ரேடியோப்பெட்டி

தம்பி, ரத்தத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் வயிற்றைப் பாருங்கள்.

இந்த ஜோடிகள் ஈசல் மாதிரி கிளம்பியது 1930களில். பெருமந்தக் காலம். பருத்தி விலை தரையில் கிடந்தது. ஐந்து பேர் குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனால் பங்கு பிரித்தபின் கையில் ஒன்றும் நிற்காது. இரண்டே பேர் என்றால் ஒரு கார் போதும், வசூலும் பாதிக்குப் பாதி. அந்த இரண்டாவது ஆள் கூடப் பிறந்தவனாக இருந்துவிட்டால் பாதி என்பதும் வீட்டுக்குள்ளேயே சுற்றி வரும்.

வானொலி நிலையங்கள் இவர்களுக்குக் கொடுத்த சம்பளம் சொற்பம். பல இடங்களில் அதுவும் இல்லை. காலையில் கால் மணி நேரம் பாடிவிட்டு, இன்று ராத்திரி இன்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கச்சேரி என்று மைக்கில் சொல்லிக்கொள்ளலாம். அந்த அனுமதிதான் கூலி. அலைவரிசை எட்டுகிற தூரத்தில் உள்ள பள்ளிக்கூடம் எல்லாம் பாடித் தீர்ந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த நிலையம். மன்றோ சகோதரர்கள் ஐயோவா, நெப்ராஸ்கா, தென் கரோலினா, வட கரோலினா என்று அலைந்தது தேசாந்திரம் போகும் ஆசையில் இல்லை.

இவர்களைத் தாங்கிய விளம்பரதாரர்கள் யார் தெரியுமா? டெக்சஸில் கனிம ஊற்று நீரைக் காய்ச்சி, வண்டலைப் பொட்டலம் கட்டி பேதி உப்பாக விற்ற கம்பெனிகள். ஒரு பக்திப் பாட்டு, ஒரு பேதி உப்பு விளம்பரம், மறுபடி ஒரு பக்திப் பாட்டு. ஊரே வயிறு சுத்தமாகி, ஆத்மாவும் சுத்தமாகிக் கிடந்திருக்கும்.

மைக் என்ற ஒன்று இல்லாவிட்டாலும் இந்தப் பாணி பிறந்திருக்காது. அதற்கு முன் மேடைக்குக் கத்த வேண்டும். டெல்மோர் சகோதரர்கள் 1933-இல் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற நாஷ்வில் வானொலி மேடை நிகழ்ச்சிக்கு வந்தபோது ஏறக்குறையக் காதில் ரகசியம் சொல்வதுபோல் பாடினார்கள். கத்தினால் இரண்டு குரல் மோதும். மெதுவாகப் பாடினால்தான் ஒட்டும்.

#3 சுருதி_சேரவில்லை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். நான் கச்சேரி கேட்டு வளர்ந்தவன். நம்மிடம் இரட்டையர் பாடினால் இரண்டு பேரும் ஒரே சுரம், இல்லாவிட்டால் ஒருத்தர் மேல் ஸ்தாயி. இவர்கள் வேறு வேறு சுரம் பாடுகிறார்கள், ஆனாலும் இடிக்கவில்லை. என்னதான் செய்கிறார்கள்? நோட்டேஷன் பாஷையில் வேண்டாம், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

#4 கம்பிமீட்டி

சுருதி சார், சங்கராபரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லீட் பாடுபவர் ச ரி க என்று மெட்டைப் பாடுகிறார். டெனர் பாடுபவர் அதே நேரத்தில் மேலே க ம ப என்று போவார். எப்போதும் ஒரு சுரம் விட்டு அடுத்த சுரம். இது அடிப்படை.

கண்ணை மூடிக்கொண்டு இப்படியே ஏறி இறங்கினால் மட்டும் போதாது, அங்கேதான் சூட்சுமம். கிதார் முதல் கார்டில் (ச க ப சேர்ந்து ஒலிப்பது) நிற்கும்போது லீட் ‘ப’ பிடித்தால், கணக்குப்படி மேலே ‘நி’ வரணும். பாடிப் பாருங்கள், கடிக்கும். அங்கே டெனர் மேல் ‘ச’வுக்குத் தாவிவிடும். சில இடத்தில் லீட் நகரும், டெனர் ஒரே சுரத்தில் கம்பி மாதிரி நிற்கும். இதையெல்லாம் யாரும் எழுதிவைத்துப் பாடவில்லை. காது போன போக்கு.

லூவின் சகோதரர்கள் இன்னும் ஒருபடி மேலே. ஒரு வரியின் நடுவிலேயே மெட்டு தம்பி சார்லியிடமிருந்து அண்ணன் ஐராவுக்கு மாறும், சார்லி கீழே நழுவிப் போவார். யாரும் யாருக்கும் ஜாடை காட்டுவதில்லை. இதை வெளியாளோடு செய்து காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். அதனால்தான் ரத்தம் என்கிறேன்.

#5 கறார்_கண்ணம்மா

//வெளியாள் எத்தனை வருஷம் சாதகம் பண்ணினாலும் அது வராது//

வந்திருக்கிறதே!

1970 வாக்கில் ரால்ஃப் ஸ்டான்லி மேற்கு வர்ஜீனியாவில் ஃபோர்ட் கே என்ற சின்ன ஊருக்குக் கச்சேரிக்குப் போகிறார். வழியில் டயர் பஞ்சர், நேரமாகிவிட்டது. உள்ளே நுழைந்தால் தானும் அண்ணனும் பழைய நாளில் பாடிய பாட்டு அச்சு அசலாகக் கேட்கிறது. யாரோ இசைத்தட்டு போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தாராம். மேடையில் இரண்டு பொடியன்கள். ரிக்கி ஸ்காக்ஸ், கீத் விட்லி. கென்டக்கியில் ஆளுக்கொரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). ஸ்டான்லி வீட்டோடும் உறவில்லை, ஒருவருக்கொருவரும் உறவில்லை. இருவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

அது போதாதென்றால் ராய் லீ சென்டர்ஸ். கார்ட்டர் 1966 டிசம்பரில் இறந்தபின் ரால்ஃபோடு லீட் பாட வந்தவர்களில் ஒருவர். அவர் பாடிய தட்டுகளைக் கேளுங்கள், கார்ட்டர் எழுந்து வந்துவிட்டாரோ என்று தோன்றும். இவரும் கென்டக்கிக்காரர், சொந்தமில்லை. 1974-இல் சுட்டுக் கொல்லப்பட்டார், பாவம்.

ஆக ரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டாம். ஒரே வட்டாரப் பேச்சு, சின்ன வயதிலிருந்து பைத்தியமாகக் கேட்டது, தினமும் பாடியது. பழக்கம்.

#6 புதுசு_நான்

எல்லாரும் இவ்வளவு விஷயம் சொல்றீங்க. எனக்கு ஒரு சின்ன சந்தேகம். அண்ணன்தான் எப்பவும் மெயின் குரலா? தம்பி சும்மா கூடப் பாடுறவரா?

#7 ரேடியோப்பெட்டி

நல்ல கேள்வி. இல்லை என்பதே பதில். மன்றோவில் அண்ணன் சார்லி லீட், தம்பி பில் டெனர். ஸ்டான்லியிலும் அண்ணன் கார்ட்டர் லீட். எவர்லியில் அண்ணன் டான் லீட். இவ்வளவோடு நிறுத்தினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் லூவினில் மூத்தவர் ஐராதான் உச்சிக்குப் போகும் டெனர், இளையவர் சார்லி லீட். போலிக் வீட்டிலும் அப்படியே, மூத்தவர் பில் டெனர், இளையவர் ஏர்ல் லீட்.

வயதைவிட வாத்தியத்தைப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். பில் மன்றோ, ஐரா லூவின், பில் போலிக் மூவரும் டெனர், மூவர் கையிலும் மாண்டலின். ரால்ஃப் டெனர், கையில் பாஞ்ஜோ. லீட் பாடுபவர் கையில் கிதார். கிதார்க்காரர் தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டு மெட்டையும் பாடி, பாட்டுகளுக்கு நடுவில் ஜனங்களோடு பேசுவார். டெனர்க்காரர் வரிகளுக்கு இடையில் விழுகிற சந்தில் வாத்தியத்தை நுழைப்பார். வேலைப் பங்கீடு.

இதனால் குணத்திலும் ஒரு பங்கீடு விழுந்துவிட்டது. கார்ட்டர் கலகலப்பு. பாட்டு எழுதுவது, மேடையில் பேசுவது, காரியம் பேசி முடிப்பது எல்லாம் அவர். ரால்ஃப் வாயே திறக்கமாட்டார். அண்ணன் போனபின் மேடையில் இரண்டு வார்த்தை பேசுவதே அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. 1946-இல் ராணுவத்திலிருந்து ஜெர்மனி போய்த் திரும்பி வந்த அன்றைக்கே, வீட்டு வாசல் மிதிக்கும் முன், கார்ட்டர் அவரை வானொலி நிலையத்துக்கு இழுத்துப்போய்ப் பாட வைத்துவிட்டார். மாட்டு வைத்தியம் படிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்! சின்ன வயதிலும் இதே கதை. ஐந்து டாலர் இருக்கிறது, பெண் பன்றி வேண்டுமா, பாஞ்ஜோ வேண்டுமா என்று அம்மா கேட்டாராம். பன்றி வளர்ப்பில் ஆசை உள்ள பையன் பாஞ்ஜோவைக் கேட்டான். வாசிக்கக் கற்றுக்கொடுத்ததும் அம்மாதான்.

பில் மன்றோவுக்கு அந்த விருப்பம் கூடக் கிடைக்கவில்லை. எட்டுப் பிள்ளைகளில் கடைசி. ஓர் அண்ணன் பர்ச் ஃபிடிலை எடுத்துக்கொண்டார், சார்லி கிதாரை எடுத்துக்கொண்டார், யாரும் சீண்டாத மாண்டலின் மிச்சம். அதிலும் எட்டுக் கம்பியில் நாலைக் கழற்றிவிட்டுத்தான் வாசிக்கணும் என்று அண்ணன்மார் உத்தரவு, ரொம்பச் சத்தம் வரக்கூடாதாம். அந்த நாலு கம்பிக்கான வட்டியைப் பிற்பாடு ஊரிடமே வசூல் பண்ணினார்.

#8 அப்பலாச்சியன்_அம்பி

நான் இருப்பது டென்னசியில் கிங்ஸ்போர்ட். மலை தாண்டினால் வர்ஜீனியா, ஹில்டன்ஸ் என்ற குக்கிராமம், அங்கே ‘கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட்’ என்ற கச்சேரிக்கூடம் (ஸ்டான்லி வீட்டுக் கார்ட்டர் இல்லை, இது வேறு பாட்டுக் குடும்பம்). சனிக்கிழமை ராத்திரி கச்சேரி. மின்சார வாத்தியம் கூடாது, சாராயம் கூடாது. மேடைக்கு முன்னால் மரத்தரை, எழுபது வயதுக் கிழவிகள் லாடம் அடித்த செருப்போடு தரையை உதைத்து ஆடுவார்கள். என் அம்மா ஒருமுறை வந்திருந்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்து தாளம் போட ஆரம்பித்துவிட்டாள்.

ஒருநாள் பக்கத்து ஊர் அண்ணன் தம்பி இருவர் வந்து பாடினார்கள். பேர் பெற்றவர்கள் இல்லை. பகலில் ஒருவர் மரம் அறுக்கும் ஆலையில் வேலை, இன்னொருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் இரண்டு வாயும் தெரிந்தது. கவனித்ததைச் சொல்கிறேன். ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. மூச்சு எடுக்கும்போது இரண்டு தோளும் சேர்ந்து ஏறுகிறது. சொல்லின் கடைசி மெய்யை இரண்டு பேரும் ஒரே இடத்தில் அறுக்கிறார்கள், ஒரு மயிரிழை முன்பின் இல்லை. உயிரெழுத்தின் வாயமைப்பும் ஒன்று. இங்கே மலைக்காரர்கள் ‘டைம்’ என்று சொல்வதில்லை, ‘டாம்’ என்று இழுப்பார்கள். ஒருவர் ‘டைம்’ என்றும் மற்றவர் ‘டாம்’ என்றும் பாடினால் சுருதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒட்டாது. அந்த இருவருக்கும் அந்த ‘ஆ’ ஒரே அகலத்தில் திறக்கிறது.

இதனால் கண்ணம்மா அக்கா சொல்லும் வட்டாரப் பேச்சுக் கட்சிக்கு என் ஓட்டு. ஆனால் மூச்சு? அது ஒரே வீட்டில் தூங்கி எழுந்தால்தான் வரும் என்று இன்னும் எனக்குத் தோன்றுகிறது.

கோயில் விஷயமும் உண்டு. ஸ்டான்லிகள் வளர்ந்த டிக்கன்சன் கவுண்டியில் பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபை. சபைக்குள் எந்த வாத்தியமும் கிடையாது. பெரியவர் ஒரு வரியை வேகமாக எடுத்துக்கொடுப்பார், மொத்தச் சபையும் அதை மெதுவாக, நெளித்து நெளித்து இழுத்துப் பாடும். ரால்ஃப் குரலில் இருக்கும் அந்த அழுகை நெளிவு அங்கிருந்து வந்தது. கிளின்ட்வுட் ஊரில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது, இந்தப் பக்கம் வருபவர்கள் விட்டுவிடாதீர்கள்.

#9 சுருதி_சேரவில்லை

அம்பி, உச்சரிப்பு விஷயம் அபாரம். நம் கோஷ்டி கானத்திலும் இதே தொல்லைதான்.

லூவின்களுக்கும் இப்படி ஒரு கோயில் பாட்டுப் பின்னணி உண்டா?

#10 ரேடியோப்பெட்டி

உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். அலபாமாவின் வடகிழக்கு மூலையில் சாண்ட் மவுண்டன் என்ற மேட்டுநிலம். அங்கே ஹெனகர் ஊர். அப்பாவுக்குப் பருத்தி விவசாயம், பாஞ்ஜோவும் வாசிப்பார். குடும்பப் பெயர் லவுடர்மில்க். மேடைக்கு நீளம் என்று லூவின் ஆக்கிக்கொண்டார்கள். அம்மா வழி வூட்டன் குடும்பம், ‘சேக்ரட் ஹார்ப்’ பாட்டில் தலைமுறையாக ஊறியவர்கள்.

1844-இல் ஜார்ஜியாவில் தொகுத்த துதிப்பாட்டுப் புத்தகத்தை வைத்துப் பாடுகிற முறை அது. நான்கு பகுதிக்காரர்கள் நான்கு பக்கமும் சதுரமாக உட்கார்ந்து, நடுவைப் பார்த்துத் தொண்டை கிழியப் பாடுவார்கள். கேட்பவர் என்று யாரும் தனியாக இல்லை, வந்தவர் எல்லாம் பாடகர். புத்தகத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வடிவம், முக்கோணம், வட்டம், சதுரம், வைரம். முதல் தடவை வார்த்தையே கிடையாது, ஃபா சோல் லா என்று சுரத்தைத்தான் பாடுவார்கள். அடுத்த தடவைதான் சாகித்தியம்.

ஐந்து வயதிலேயே இந்தச் சதுரத்துக்குள் உட்கார்ந்த பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவன் வேறு சுரம் பாடினால் பதறாது. லூவின்கள் வரி நடுவில் குரல் மாற்றிக்கொள்வதற்கு வேர் இங்கே இருக்கிறது என்பது என் துணிபு. கம்பிமீட்டி தம்பி இதை ரத்தத்தில் சேர்ப்பாரா, பழக்கத்தில் சேர்ப்பாரா?

#11 கம்பிமீட்டி

அம்மா வழி என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, ரத்தத்தில் சேர்த்துக்கொண்டேன் 🙂

#12 கறார்_கண்ணம்மா

சிரிப்பு இருக்கட்டும். இந்த இழையில் அண்ணன் தம்பிப் பாசம் கொஞ்சம் அதிகமாகவே வழிகிறது.

மன்றோ சகோதரர்கள் 1936 பிப்ரவரியில் ப்ளூபேர்ட் நிறுவனத்துக்கு முதல் தட்டு போட்டார்கள், ஆன்மாவுக்கு ஈடாக எதைக் கொடுப்பாய் என்று கேட்கும் பக்திப் பாட்டு, விற்றுத் தள்ளியது. 1938-இல் ஜோடி உடைந்தது. இரண்டே வருஷம், அறுபது பாட்டு. எவர்லிகள் 1973-இல் கலிபோர்னியாவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா மேடையில், டான் குடித்துவிட்டு வந்து பாட, தம்பி ஃபில் கிதாரை உடைத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். பத்து வருஷம் ஏறக்குறையப் பேச்சே இல்லை, அப்பா இறந்தபோது தவிர. 1983-இல்தான் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி சேர்ந்தார்கள்.

ஐரா லூவின் மேடையில் மாண்டலின் சுருதி நிற்காவிட்டால் அதைப் போட்டு உடைப்பார். அதை இங்கே ஒருவர் போன இழையில் ‘கலைஞனின் கோபம்’ என்று எழுதியிருந்தார். குடிகாரன் கோபம் என்று எழுதுங்கள். வீட்டிலும் அதே கைதான். மனைவி ஒருவர் துப்பாக்கியால் பல தடவை சுட்டு, பிழைத்துக்கொண்டவர் அவர். பாவத்தைப் பற்றியும் நரகத்தைப் பற்றியும் அவரைப்போல் எழுதியவர்கள் கம்மி, ஒப்புக்கொள்கிறேன். தினமும் பக்கத்தில் நின்று அதைத் தாங்கியவர் சார்லி. 1963-இல் போதும் என்று விலகினார். 1965 ஜூனில் மிசௌரியில் கார் விபத்து, ஐரா போனார், 41 வயது. கார்ட்டர் ஸ்டான்லியும் 41-தான், ஈரல் கெட்டு.

ஒரே காரில் வருஷக்கணக்கில், ஒரே மைக்கில் முகத்தோடு முகம் வைத்து, வரும்படியும் பொதுவில். வேற்றாளாக இருந்தால் கணக்குத் தீர்த்துவிட்டுப் போய்விடலாம். அண்ணனிடம் எப்படிக் கணக்குத் தீர்ப்பது?

#13 அப்பலாச்சியன்_அம்பி

அக்கா சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அதே சார்லி, ஐரா போய்ப் பல வருஷம் கழித்தும், தனியாகப் பாடும்போது ஹார்மனி (இரண்டு குரல் சேர்ந்து) வரும் இடத்தில் தன்னையறியாமல் மைக்கிலிருந்து விலகி இடம் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே ஆள்தான். 2011 வரை இருந்தார்.

ஐராவின் கோபத்துக்கு வெளிக்காரணமும் ஒன்று உண்டு, நியாயப்படுத்தச் சொல்லவில்லை. ராக் அண்ட் ரோல் வந்தபின் கண்ட்ரி தட்டு விற்பனை சரிந்தது. உன் மாண்டலின் சத்தம்தான் விற்பனையைக் கெடுக்கிறது என்று தட்டு நிறுவனத் தயாரிப்பாளர் சொல்ல, கொஞ்ச காலம் தட்டுகளில் மாண்டலினையே எடுக்காமல் விட்டார். அந்த வாத்தியத்தைத்தான் அவர் வெறுத்தார், அதையே நேசித்தார்.

#14 ரேடியோப்பெட்டி

கண்ணம்மா பட்டியலுக்கு ஒரு மாற்று. போலிக் சகோதரர்கள்.

ஹிக்கரி ஊர், வட கரோலினா. இவர்களும் 1936-இல் ப்ளூபேர்டில்தான் தொடங்கினார்கள். எனக்குக் கேட்டால் மொத்த ஜோடிகளிலும் சுத்தமான ஹார்மனி இவர்களுடையது. பில் போலிக்கின் மாண்டலின் பாடுகிறவரின் தோளில் கைபோட்ட மாதிரி பின்னாலேயே வரும், முண்டியடிக்காது. போருக்கு அப்புறம் காலம் மாறியது. மின்சாரக் கிதார் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் வற்புறுத்தியது. மாட்டோம் என்றார்கள். 1951-இல் பாடுவதையே நிறுத்திவிட்டார்கள். கிதார் உடையவில்லை, போலீஸ் வரவில்லை. பில் தபால் இலாகாவில் வேலைக்குப் போனார், ஏர்ல் ஜார்ஜியாவில் விமானத் தொழிற்சாலைக்குப் போனார். அறுபதுகளில் கல்லூரிப் பிள்ளைகள் பழைய பாட்டைத் தேடி வந்தபோது கொஞ்ச நாள் பாடிக் கொடுத்துவிட்டு மறுபடி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சண்டை போட்டவர்களைப் பற்றித்தான் ஊர் பேசுகிறது. இவர்களைப் பற்றி இழை திறக்க ஆளில்லை.

ஸ்டான்லிகளும் இடையில் கொஞ்ச நாள் தவிரச் சாகும்வரை பிரியவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரும்படி இல்லாமல் 1958-இல் ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்து, வீடு கட்டித் தரும் கம்பெனி ஒன்றின் தயவில் டிவி நிகழ்ச்சி செய்து காலம் தள்ளினார்கள். கடைசியில் சம்பளம் கொடுக்க முடியாமல் குழுவையே சுருக்க வேண்டி வந்தது.

#15 மூன்றாங்கட்டை

ரொம்ப நாளாகப் படிப்பவன், இப்போதுதான் எழுதுகிறேன். மொத்த இழையும் வெள்ளைக்கார வீடுகளுக்குள்ளேயே சுற்றுகிறது. இரண்டு பேரைச் சேர்க்கணும்.

பில் மன்றோவுக்குப் பத்து வயதில் அம்மா போனார், பதினாறில் அப்பா. அண்ணன்மார் வடக்கே வேலைக்குப் போய்விட, மாமா பென் வாண்டிவர் வீட்டில் கிடந்து ஃபிடில் மெட்டெல்லாம் அங்கே காதில் வாங்கினார். இதை எல்லாரும் சொல்வார்கள். கென்டக்கியில் அதே ஒஹையோ கவுண்டியில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர், நிலக்கரிச் சுரங்கக் கூலி, கிதாரும் ஃபிடிலும் வாசிப்பார். நடன விருந்துகளில் சிறுவன் பில்லைப் பக்கவாத்தியத்துக்கு உட்கார வைத்துக்கொண்டவர். பில் மன்றோவின் இசையில் இருக்கும் ப்ளூஸ் (கறுப்பின மக்களின் சோக இசை) ஏக்கத்துக்கு அவரே கடைசிவரை இவரைத்தான் காட்டினார். ஷுல்ட்ஸ் 1931-இல் இறந்துவிட்டார், ஒரு தட்டுகூடப் பதிவாகவில்லை.

வேடிக்கை என்னவென்றால் ஷுல்ட்ஸின் கட்டைவிரல் கிதார் பாணி கைமாறிக் கைமாறிப் பக்கத்து முலன்பர்க் கவுண்டி சுரங்கத் தொழிலாளிகளிடம் போனது. அவர்களில் ஒருவர் ஐக் எவர்லி, எவர்லி சகோதரர்களின் அப்பா. மன்றோ வீட்டுக்கும் எவர்லி வீட்டுக்கும் பொதுவான ஒரு வேர், இரண்டு வீட்டிலும் பிறக்காத மனிதர்.

இன்னொருவர் டீஃபோர்ட் பெய்லி, ஆப்ரியின் மவுத்தார்கன் நட்சத்திரம். டெல்மோர் சகோதரர்களோடு சுற்றுப்பயணம் போவார். ஜனங்கள் கைதட்டுவார்கள், விடுதிக்காரன் அறை தரமாட்டான். அவருக்குத் தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடாகிறதா என்று டெல்மோர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ரத்தம் என்று பேசும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

#16 கம்பிமீட்டி

மூன்றாங்கட்டை சார், அருமை. முதல் பதிவிலேயே இப்படி இறங்கினால் எப்படி!

மன்றோ பற்றி ஒரு துணுக்கு. ரத்த பந்தம் இல்லாமலும் குடும்பச் சண்டை வரும் என்பதற்கு. அவர் மேடையில் பாடிவந்த ஒரு குதிரைப் பந்தயப் பாட்டை 1947-இல் பதிவு செய்தார், தட்டு வெளிவரத் தாமதம். அதற்குள் ஸ்டான்லிகள் அதையே அதே பாணியில் 1948-இல் தட்டாகப் போட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு அவருடைய கொலம்பியா நிறுவனமே ஸ்டான்லிகளையும் ஒப்பந்தம் செய்தது. கோபத்தில் அந்த நிறுவனத்தையே விட்டு டெக்காவுக்குப் போனார். 1951-இல் பார்த்தால் கார்ட்டர் ஸ்டான்லி அவர் குழுவிலேயே கொஞ்ச நாள் கிதார் வாசித்துக்கொண்டிருக்கிறார். பங்காளிகள் வழக்காடிவிட்டுப் பந்தியில் சேர்ந்து உட்காருவார்களே, அது.

#17 புதுசு_நான்

இதுக்கெல்லாம் எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? நானும் என் அண்ணனும் கிதார் வாசிப்போம். பாடினா ரெண்டு பேரும் ஒரே சுரத்துல போய் விழறோம். கண்ணம்மா அக்கா சொன்னதைப் பாத்தா பயமாவும் இருக்கு.

#18 ரேடியோப்பெட்டி

பயப்படாதீர்கள் தம்பி. சேர்ந்து பாடுவதால் சண்டை வருவதில்லை, சேர்ந்து கார் ஓட்டுவதால் வருகிறது.

கேட்பதற்கு முதலில் போலிக் சகோதரர்களின் 1936 பதிவுகள். நிதானமான வேகம், இரண்டு குரலும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். உங்கள் அண்ணன் ஏர்லையும் நீங்கள் பில்லையும் மட்டும் பின்தொடருங்கள். அது கைவந்தபின் ஸ்டான்லி. லூவினைக் கடைசியில் தொடுங்கள், தொடக்கத்தில் தொட்டால் மனசு விட்டுப்போகும். மன்றோ சகோதரர்களைப் பாடிப் பார்க்கவே வேண்டாம், அந்த வேகத்துக்கு மூச்சு தாங்காது.

#19 அப்பலாச்சியன்_அம்பி

ஒரே சுரத்தில் விழுவதற்கு வைத்தியம்: அண்ணன் மெட்டைப் பாடட்டும். நீங்கள் ஒரு வாரம் வார்த்தையே இல்லாமல், அவர் ‘ச’வுக்கு மேலே உள்ள ‘க’வில் ஆரம்பித்து உங்கள் பகுதியைத் தனிப்பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணுங்கள். ‘மேலே ஒட்டுகிற குரல்’ என்று நினைத்தால் கீழே இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதுவே ஒரு மெட்டு என்று நினையுங்கள். பாடும்போது ஒரே மைக், இல்லாவிட்டால் ஒரு துடைப்பக் குச்சியை நட்டுவைத்துக்கொண்டு அதன் இரண்டு பக்கமும் நில்லுங்கள். ஹெட்போன் வேண்டாம். அவர் உயிரெழுத்து உங்கள் காதில் நேராக விழணும்.

#20 கறார்_கண்ணம்மா

இருபது பதிவு வந்தும் அக்கா தங்கையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானே திறக்கிறேன், கம்பிமீட்டிக்காகவே வைத்திருந்தது.

டேவிஸ் சிஸ்டர்ஸ். 1953-இல் அவர்கள் தட்டு கண்ட்ரி பட்டியலில் முதலிடம். கேளுங்கள், ஒட்டு என்றால் அதுதான் ஒட்டு. இருவரும் சகோதரிகளே இல்லை. ஸ்கீட்டரும் பெட்டி ஜாக்கும் கென்டக்கியில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்த தோழிகள். பெட்டி ஜாக்தான் டேவிஸ், மற்றவர் அந்தப் பெயரை மேடைக்காக எடுத்துக்கொண்டவர். அந்தத் தட்டு ஏறிக்கொண்டிருந்த ஆகஸ்டில் கார் விபத்தில் பெட்டி ஜாக் இறந்துபோனாள். அவள் இடத்துக்கு அவளுடைய கூடப் பிறந்த சகோதரி ஜார்ஜியா வந்தாள். அதே வீடு, அதே ரத்தம். அந்தத் தட்டின் வெற்றி திரும்ப வரவே இல்லை.

இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#21 கம்பிமீட்டி

ஜார்ஜியாவும் பெட்டி ஜாக்கும் சேர்ந்து பாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? என் கட்சி இன்னும் நிற்கிறது. ராத்திரி அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு வருகிறேன்.